மத்தியானம் வந்த கை

யுத்த காலத்தில் எங்கள் பிரசவ வார்டு பகலிலும் இருட்டாகத்தான் இருக்கும். விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஜன்னல் கண்ணாடிகள் எல்லாவற்றிலும் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். ஜப்பான்காரன் வந்தால் ராத்திரியில்தானே வருவான், பகலில் எதற்கு இருட்டு என்று ஒருமுறை கேட்டேன். தினமும் கிழித்துத் தினமும் ஒட்ட நீ வருகிறாயா என்று பதில் வந்தது. அதோடு கேட்பதை விட்டுவிட்டேன். மயிலாப்பூர் முழுக்க வெளிச்சத்தில் கிடக்கும் நேரத்திலும் எங்கள் எட்டுக் கட்டில்களும் கதவிடுக்கில் வரும் வெளிச்சத்தோடு காலம் தள்ளின.

நான் அப்போது இரண்டாம் வருஷம் நர்ஸ் வேலை படித்துக்கொண்டிருந்தேன். வீடு சாந்தோமில், மாதா கோயிலுக்குப் பின்னால். எங்கள் குடும்பத்தில் வாத்தியார் வேலைக்குப் போகாதவர்கள் நர்ஸ் வேலைக்குப் போவார்கள். மூன்றாவது வழி ஒன்று இருப்பதாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த வருஷக் கோடையில் குண்டு விழப்போகிறது என்று பாதிப் பட்டணம் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. தெருத் தெருவாகப் பூட்டுத் தொங்கியது. மழை தொடங்கியதும் ஜனங்கள் திரும்பி வந்தார்கள், ஆனால் ஓடிப்போன நர்ஸுகளில் பலர் வரவில்லை. இருந்தவர்கள் ஆளுக்கு இரண்டு ஆள் வேலை செய்தோம். படிப்பு என்று தனியாக ஒன்றும் கிடையாது, வேலைதான் படிப்பு.

மத்தியானச் சுற்று என் பொறுப்பு. சாப்பாடு முடிந்து, தூக்க மருந்து கொடுத்து, தாய்மார்கள் கண் அயர்ந்த பிறகு, இரண்டு மணிக்கு ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டிலுக்கும் போய் வயிற்றைத் தொட்டு, கர்ப்பப்பை எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்த்து, பஞ்சுத் துணியை மாற்ற வேண்டும். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும் முன் கையை மணிக்கட்டு வரை கிருமி கொல்லும் லோஷன் பேசினில் முக்கி, நூறு எண்ணி, வேகவைத்த துணியில் துடைக்க வேண்டும். லோஷன் கலக்கும் தண்ணீர் வராந்தாவில் கல்தொட்டியில் நிற்கும். மழைக்காலத்தில் அதில் கை வைத்தால் எலும்பு வரை வலிக்கும். தூக்கம் கலையக் கூடாது என்பது வார்டின் பெரிய சிஸ்டர் உத்தரவு, அதனால் ஷூவைக் கதவருகே கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் நடப்பேன்.

தெப்பக்குளத்துப் பக்கத்திலிருந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு மாமி மூன்றாம் கட்டிலில் இருந்தார். என்னைவிட இரண்டு வயது பெரியவராக இருந்தால் அதிகம். ஒருநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சிஸ்டர், நேத்திக்கு மத்யானம் யாரோ வந்தா. வெள்ளைப் பொடவை. காலடிச் சத்தமே இல்லே. வயத்துல கையை வெச்சா பாருங்கோ, பொணத்தோட கை மாதிரி ஜில்லுனு. நான் கண்ணை நன்னாத் தொறக்கறதுக்குள்ள போய்ட்டா."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் தனக்கும் அப்படித்தான் என்றாள். அதற்கும் அடுத்தவள், தனக்கு இரண்டு நாளாக என்றாள். மூன்று நாளில் அந்தக் கைக்கு ஒரு கதையும் வந்துவிட்டது. கோடையில் ஊர் ஓடினபோது மூலைக் கட்டிலில் ஒருத்தி தனியாகக் கிடந்து செத்தாளாம். பார்க்க ஒருவரும் வரவில்லையாம். தன் குழந்தை எந்த வயிற்றில் இருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொரு வயிறாகத் தொட்டுப் பார்க்கிறாளாம். மூலைக் கட்டிலில் யாரும் படுக்க மாட்டேன் என்றார்கள். அது காலியாகவே கிடந்தது.

இதைக் கேட்டு நான் சிரித்தேன் என்று எழுத ஆசைதான். சிரிக்கவில்லை, பயந்தேன். இரண்டு மணி அடித்ததும் இடுப்பில் ஜெபமாலையைச் செருகிக்கொண்டு, மூலைக் கட்டில் பக்கம் திரும்பாமல் சுற்று முடிப்பேன். எனக்குப் பின்னால் யாரோ கட்டில் கட்டிலாக வருவது போலவே இருக்கும். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, ஐஸ் போன்ற கையோடு இருட்டில் நடந்துகொண்டே பேய்க்குப் பயந்த மூளையைப் பற்றி என்ன சொல்வது. ஒரு வாரம் ஆனது எனக்குப் புரிய.

புரிய வைத்தவரும் அந்த மாமிதான். ஒரு மத்தியானம் அவர் வயிற்றில் கை வைத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அலறினார். "நான்தான் மாமி, நான்தான்" என்றேன். கண்ணை நன்றாகத் திறந்து என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, என் கையை மெதுவாக விட்டார்.

"நீங்க இல்லே. உங்க கை எனக்குத் தெரியாதா? கார்த்தாலே பிடிச்சேளே, வெதுவெதுன்னு இருந்துதே. இது வேற கை."

அவர் சொன்ன விதத்தில் நானே என் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

அந்த வார்டில் கைக்குப் பயப்படாதவள் ஒருத்திதான் இருந்தாள். நொச்சிக்குப்பத்திலிருந்து வந்தவள். முன்பு இரண்டு பிள்ளை பிறந்து இரண்டும் தங்கவில்லை. இந்த முறை கால் வீங்கியிருந்ததால் பிரசவத்துக்கு ஆறு வாரம் முன்பே டாக்டரம்மா அவளைப் படுக்க வைத்துவிட்டார். மீன் கூடை தூக்கிப் பழகிய உடம்பு படுக்கையில் அடங்கவில்லை. நாள் முழுக்க யாரையாவது கேலி செய்துகொண்டிருப்பாள்.

"தொட்டா தொட்டுட்டுப் போறா, இன்னா இப்போ? கடல்ல இல்லாத ஜில்லா? நல்லாத்தான் கீது. இந்தப் புள்ள மட்டும் உசுரோட என் கைக்கு வந்துச்சுன்னா போதும் சிஸ்டரு, நான் அந்தக் கைக்காரிக்கு வஞ்சிர மீனு வறுத்து வெப்பேன்" என்பாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றில் கை வைத்துப் பார்க்கச் சொல்வாள். துள்ளுகிறது சிஸ்டர் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும் அவளுக்கு. அவள் பிள்ளையோடு குப்பத்துக்கு நடந்து போவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது பேய்க் கதையை அம்மாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அம்மாவுக்குக் கோபம் வந்தது.

"புள்ள பெத்தவளை ஜில்லுனு தொடலாமாடி? ஜன்னி கண்டுடாது? இதைக்கூடச் சொல்லித் தராம இன்னாதான் படிக்கிறீங்க அங்க?"

பிரசவித்தவளுக்குக் குளிர் ஆகாது, காதில் பஞ்சு, காலில் துணி, வெந்நீர் தவிர வேறு தண்ணீர் படக்கூடாது. இது எங்கள் ஊரில் யாரும் சொல்லித் தர வேண்டாத பாடம். லோஷன் பாடத்தை நான் படித்தது ஒன்றரை வருஷம். ஜன்னிப் பாடத்தைப் பிறந்ததிலிருந்து படித்திருந்தேன். அம்மா அப்பாவின் பழைய ஃபிளானல் சட்டையின் முதுகை வெட்டி, வெந்நீர்ப் பைக்கு ஒரு உறை தைத்துக் கொடுத்தாள். கையை அதில் ஒற்றிச் சூடாக்கிக்கொண்டு தொடு என்றாள்.

வார்டில் இருந்த ரப்பர் பை ஒன்றே ஒன்று. குறைமாதக் குழந்தைகளுக்கு மட்டும்தான் அதை எடுக்கலாம். ரப்பர் கிடைக்காத காலம் அது, பை கிழிந்தால் வேறு வராது என்று அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். மத்தியானத்தில் சாவி என்னிடம் இருக்கும். பையில் வெந்நீர் ஊற்றி, உறை போட்டு, இடது இடுப்பில் புடவைக்குள் செருகிக்கொண்டேன். லோஷனில் கை, வேகவைத்த துணியில் கை, பிறகு ஃபிளானலில் கை, அப்புறம்தான் வயிற்றில் கை. ஒருத்தியும் திடுக்கிடவில்லை. தூக்கத்திலேயே புரண்டு கொடுத்தார்கள். மூன்றே நாளில் பேயைப் பற்றிய பேச்சு நின்றுவிட்டது. மாமி பன்னிரண்டாம் நாள் குழந்தையோடு நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தார். பெரிய மந்திரவாதி போல எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

ஃபிளானலை ஞாயிற்றுக்கிழமை மட்டும் துவைத்தேன். பையின் சூட்டிலேயே அது காய்ந்துகொண்டிருந்தது, லோஷன் வாசனையும் அடித்தது. சுத்தத்துக்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று நினைத்தேன்.

பிறகு வார்டு மாறியது. மேற்கு மாம்பலத்திலிருந்து வந்த பெண்ணுக்கு மூன்றாம் நாள் மத்தியானம் குளிர் எடுத்தது. கட்டிலோடு ஆடினாள். அவள் தேறுவதற்குள் சைதாப்பேட்டையிலிருந்து வந்தவளுக்கு அதே மூன்றாம் நாள், அதே நேரம். அவளைத் தனி அறைக்கு மாற்றினோம். அங்கிருந்து பிதற்றல் கேட்கும், நின்றுவிடும், மறுபடி கேட்கும். மற்றவர்கள் பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். மத்தியானம் நான் உள்ளே நுழைந்தால், தூக்க மருந்து குடித்த பிறகும் எல்லாரும் ஒரே பக்கமாக, மூலைக் கட்டிலைப் பார்த்தபடி படுத்திருப்பார்கள். காலியான அந்தக் கட்டிலின் விரிப்பை நான் தினமும் சரி செய்தேன். தினமும் நடுவில் ஒரு சுருக்கம் இருந்தது. ஜன்னலோரக் காற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காகிதம் ஒட்டி அடைத்த ஜன்னலில் காற்று எங்கிருந்து வரும் என்பதை யோசிக்காமல் விட்டேன்.

ஜன்னி என்று எல்லாரும் சொன்னார்கள். ஜன்னி என்றால் குளிர். அதனால் என் கையை ஃபிளானலில் இன்னும் நேரம் வைத்துச் சூடாக்கினேன்.

பெரிய சிஸ்டர் அதிகம் பேசாதவர். யார் செய்தது என்று அவர் கேட்டு நான் கேட்டதே இல்லை. ஒரு திங்கட்கிழமை எங்கள் ஆறு பேரையும் வார்டின் மூலைக்குக் கூப்பிட்டு, திரைத்தட்டியைப் போட்டு மறைத்தார். ஷூவைக் கழற்றினார். யாரும் படுக்க மறுத்த அந்தக் கட்டிலில் ஏறி, மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"நான்தான் பேஷண்ட். ஒருத்தி ஒருத்தியா வந்து தினமும் செய்யறதை அப்படியே செய்யுங்க. வாயால சொல்ல வேண்டாம். வாய் எப்பவும் புஸ்தகத்துல இருக்கறதைத்தான் சொல்லும். கையால காட்டுங்க. யாரையும் வீட்டுக்கு அனுப்பறதுக்காக இல்ல இது."

ஒவ்வொருத்தியாகச் செய்தார்கள். இருட்டில் ஒரு பெண் செத்தவள் போலக் கிடக்க, இன்னொருத்தி சத்தமில்லாமல் அவளைச் சுற்றி வேலை செய்வதை நின்று பார்ப்பது சுலபமாக இல்லை. என் முறை வந்தது. லோஷனில் கையை முக்கினேன். நூறு எண்ணினேன். துடைத்தேன். என் கை தானாக இடது இடுப்புக்குப் போனது. அங்கே பை இல்லை. அதை அன்று எடுக்காமல் அலமாரியிலேயே விட்டிருந்தேன். பூட்டி வைத்த பொருளை எடுத்தது தெரிந்தால் படிப்பு போய்விடும் என்ற பயம். அப்பாவின் சட்டையை வெட்டித் தைத்துக் கொடுத்தது அம்மா என்பதும் மனதில் இருந்தது. வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை. கையைத் திருப்பி, சிஸ்டரின் வயிற்றில் வைத்தேன்.

அவர் உடம்பு தூக்கிப் போட்டது. கண்ணைத் திறந்தார்.

"உன் கை ஜில்லுனு இருக்கு."

"ஆமா சிஸ்டர். லோஷன்."

"வார்டுல இப்போ ஒருத்தியும் ஜில்லுனு இருக்குன்னு சொல்றதில்லையே. ஏன்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "தெரியல சிஸ்டர்" என்றேன். என் முகத்தையும் இடுப்பையும் ஒருமுறை பார்த்தார். பிறகு அடுத்தவளைக் கூப்பிட்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை குப்பத்துக்காரிக்குப் பிரசவமானது. பெண் குழந்தை. பிறந்ததும் கத்திய கத்தல் வராந்தா வரை கேட்டது. அவள் குழந்தையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, "கெலிச்சுட்டோம் சிஸ்டரு" என்றாள். அந்தச் சந்தோஷத்தில் நான் அழுதேன். அன்றும் அடுத்த இரண்டு நாளும் மத்தியானச் சுற்றில் அவளுக்கு மட்டும் கையை இரண்டு மடங்கு நேரம் சூடாக்கினேன். அவளுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளுக்குக் குளிர் எடுத்தது.

நான்கு கம்பளி போட்டோம். பல் அடித்துக்கொள்வதற்கு நடுவே என்னைக் கூப்பிட்டாள். அப்போதும் அவளுக்குப் பேச்சு ஓயவில்லை.

"சிஸ்டரு, அந்த ஜில்லு கைக்காரி இப்போ இன்னாத்துக்கு வர்றதில்ல? நான் எண்ணிக்கினு தானே கீறேன். அவ வந்துகினு இருந்த வரைக்கும் இங்க ஒருத்திக்கும் ஜொரம் கெடையாது. அவ போனப்பறம்தான் வந்துச்சு. அவ நம்மளக் காவ காத்துக்கினு இருந்தா, நம்ம ஜனம் பயந்து தொரத்திட்டாங்க. நீ அவள வரச் சொல்லு."

 எல்லாக் கட்டில்களிலும் தொங்கிய காய்ச்சல் அட்டைகளை எடுத்து, வீடு போனவர்களுடையதையும் எடுத்து, வராந்தா வெளிச்சத்தில் பரப்பினேன். அவள் எண்ணியது சரி. நான் ஃபிளானலைக் கொண்டுவந்த திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு காய்ச்சல் இல்லை. அதற்குப் பின்னால் மூன்று. மூன்றும் நான் தொட்ட கட்டில்கள். நான் குளிரை விரட்டினேன் என்று நினைத்தேன். கையைக் கழுவிவிட்டு, ஒருத்தியின் அழுக்கை ஃபிளானலின் ஈரச் சூட்டில் வளர்த்து அடுத்தவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அவர்கள் பயந்த குளிர், அவர்களைக் காத்த லோஷனின் குளிர்.

பையையும் உறையையும் எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய சிஸ்டரின் மேஜைமேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.  அவர் உறையை முகர்ந்து பார்த்தார். வெளியே எடுத்துப் போய் எரிக்கச் சொல்லிவிட்டு, வார்டு நோட்டைத் திறந்தார்.

"திங்கக்கிழமை உன் கை இடுப்புக்குப் போச்சு. கண்ணை மூடினாப்புல இருந்தேன், பாக்கலைன்னு நெனச்சியா? கேட்டேன். தெரியலன்னே. நீயா வந்து சொல்லட்டும், உனக்குக் கௌரவமா இருக்கும்னு விட்டுட்டேன். உன் கௌரவத்தைப் பாத்தேன். கட்டில்ல இருக்கறவளைப் பாக்கல."

நோட்டில் அவர் முதலில் தன் தப்பை எழுதினார். அதற்குக் கீழே என்னுடையதை எழுதச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தார். அன்றைக்கே வார்டு முழுவதையும் கூட்டி இரண்டையும் உரக்கப் படித்தார். அதற்குப் பிறகு வாரா வாரம் திங்கட்கிழமை ஒருத்தி கட்டிலில் படுப்பதும் மற்றவர்கள் கையால் காட்டுவதும் வழக்கமானது. யாருடைய கையாவது தயங்கினால் அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டும், பதில் வரும் வரை சுற்று கிடையாது என்பது புது விதி. என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அலமாரியில் இருந்த சல்பா மாத்திரை அத்தனையும் குப்பத்துக்காரிக்குக் கொடுத்தோம். சனிக்கிழமை காய்ச்சல் இறங்கியது. அன்று பூராவும் கர்த்தரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி ஏறியது. எனக்கு அன்று லீவு. வீட்டுக்குப் போகவில்லை. அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமலும் இருந்தது.

இரண்டு மணிக்கு அவள் கட்டிலுக்குப் போனேன். ஷூவைக் கழற்றியிருந்தேன், பழக்கம். கல்தொட்டித் தண்ணீர் லோஷனில் கையை முக்கி நூறு எண்ணினேன். விரல் விறைத்தது. துணியில் துடைத்து, அப்படியே அவள் வயிற்றில் வைத்தேன். கொதித்துக்கொண்டிருந்த வயிறு. அவள் திடுக்கிடவில்லை. கண்ணைத் திறக்கவுமில்லை. முகத்தில் ஏதோ தளர்ந்தது.

"வந்துட்டியா" என்றாள். "எங்க போயிருந்தே இத்தினி நாளா?"

 பதில் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கையை எடுக்காமல் நின்றேன். கை சூடாகும்போதெல்லாம் மறுபடி முக்கி, துடைத்து, வைத்தேன். நாலு மணிக்கு அவள் போய்விட்டாள். குழந்தையை மாமியார்க்காரி தலையோடு போர்த்தி, கடற்கரைப் பக்கமாகக் குப்பத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் நடந்து போனதை வாசலில் நின்று பார்த்தேன். நான் பார்க்க ஆசைப்பட்டது வேறு ஒருத்தி நடப்பதை.

அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வார்டில் அப்புறம் ஒரு காய்ச்சல் வரவில்லை. கட்டில்கள் காலியாகிப் புது முகங்கள் வந்தன. மார்கழிக் குளிரில், அல்லிக்குளம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு சின்னப் பெண், பிரசவித்து இரண்டாம் நாள், என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"சிஸ்டர், இங்க மத்தியானத்துல யாரோ வர்றாங்க. வயித்துல கை வெக்கிறாங்க. ரொம்ப ஜில்லுனு இருக்கு. நெசமாவா?"

நான்தான் அது என்று சொல்லியிருக்கலாம். மாமியைப் போல அவளும் நம்பியிருக்க மாட்டாள்.

"நெசம்தான்" என்றேன். "பயமா இருந்தா கண்ணை மூடிக்கோ. ஆனா ஒரு நாள் அந்தக் கை சூடா இருந்துச்சுன்னா, உடனே எழுந்து கத்து."